மூன்று மாத்திரைக்கும் அடங்காத பிரஷர்: வயதான பெற்றோரை வைத்திருப்பவர்களுக்கு

“வயசோட நூறைக் கூட்டிக்கோ, அதுதான் அந்த வயசுக்கு நார்மல் பிரஷர்.” கடலூரிலும் புதுச்சேரியிலும் எந்த மெடிக்கல் வாசலில் நின்றாலும் இதைச் சொல்ல ஒருவர் இருப்பார். அந்தக் கணக்குப்படி எழுபத்தைந்து வயது அம்மாவுக்கு 175 இருந்தால் கவலையே வேண்டாம். அதே 175-ஐப் பார்த்துப் பதறி, மூன்று மாத்திரையோடு நான்காவதையும் கேட்டு வாங்கிப் போடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கவனிக்காமல் விட்ட வீட்டில் பக்கவாதம் வருகிறது. அவசரப்பட்டு இறக்கிய வீட்டில் அம்மா பாத்ரூம் வாசலில் கிறுகிறுத்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்கிறார். அந்த எண் எதைச் சொல்கிறது, சிலருக்கு ஏன் இறங்க மறுக்கிறது என்பது புரிந்தால் இந்த இரண்டு துன்பத்தையும் பெருமளவு தவிர்க்கலாம். மருத்துவம் படிக்காதவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

மேல் எண், கீழ் எண்

தோட்டத்து அடிபம்பின் வாயில் ரப்பர் ஓஸைக் கட்டித் தண்ணீர் பாய்ச்சுவதாக வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியை அமுக்கும்போது தண்ணீர் குபுக்கென்று ஓஸுக்குள் பாயும். ஓஸ் புதிதாக இருந்தால் அந்த வேகத்தை வாங்கிக்கொண்டு சற்றுப் புடைக்கும். கைப்பிடி மேலே போகும் நேரத்தில் மெல்லச் சுருங்கி, வாங்கிவைத்த தண்ணீரை முன்னே தள்ளும். அதனால் மறுமுனையில் தண்ணீர் ஓரளவு சீராக வரும். பல வருடம் வெயிலில் கிடந்து விறைத்த ஓஸோ புடைக்காது. ஒவ்வொரு அமுக்கலும் அதன் சுவரில் அப்படியே மோதும். அடுத்த அமுக்கல் வருவதற்குள் உள்ளே அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும்.

உடம்பில் அடிபம்பு இதயம், ஓஸ் தமனி. தமனி என்பது இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய். இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது தமனிச் சுவரில் ஏற்படும் உச்ச அழுத்தம்தான் மேல் எண். இதயம் தளர்ந்து மறுபடி நிரம்பும் நேரத்தில் மிச்சமிருக்கும் அழுத்தம் கீழ் எண். 120/80 என்றால், அந்த அழுத்தங்கள் ஒரு கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை முறையே 120, 80 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தாங்கிப் பிடிக்கும் என்று பொருள். மருத்துவமனையில் வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140/90-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ அதை உயர் ரத்த அழுத்தம் என்கிறார்கள்.

இளம் தமனிச் சுவரில் எலாஸ்டின் என்ற நெகிழும் இழை நிறைய இருக்கும். வயது ஏற ஏற அது நைந்து அறுபடுகிறது. கொலாஜன் என்ற விறைப்பான இழை அந்த இடத்தில் சேருகிறது, கால்சியமும் படிகிறது. அதனால்தான் ஐம்பது வயதுக்காரருக்குப் பெரும்பாலும் 150/100 என்று இரண்டும் சேர்ந்து ஏறினாலும், எழுபதைத் தாண்டியவர்களுக்கு 175/70 என்று மேல் எண் மட்டும் ஏறி நிற்கிறது. “கீழ நார்மல்தான், மேலதான் கொஞ்சம் அதிகம்” என்று ஆறுதல்பட்டுக்கொள்வது தப்பு. முதுமையில் மூளைக்கும் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் வரப்போகும் ஆபத்தை அதிகம் காட்டுவது மேல் எண்தான்.

கீழ் எண்ணையும் மறந்துவிட முடியாது. இதயத் தசைக்கு ரத்தம் ஊட்டும் தமனிகள் பெரும்பாலும் இதயம் தளரும் நேரத்தில்தான் நிரம்புகின்றன. கீழ் எண் ரொம்ப விழுந்தால் அந்த ஊட்டம் குறையலாம். மேல் எண்ணை இறக்க மாத்திரையைக் கூட்டும்போது கீழ் எண்ணும் சேர்ந்தே இறங்கும். டாக்டர் மாத்திரையைக் கூட்டத் தயங்க இதுவும் ஒரு காரணம். அவருக்கு அக்கறையில்லை என்று நினைத்து வேறு டாக்டரிடம் ஓட வேண்டாம்.

வயதோடு 100-ஐக் கூட்டும் கணக்குக்கு 2008-இல் வெளியான ஹைவெட் ஆய்வு நல்ல பதில். 80 வயதைக் கடந்த, மேல் எண் 160-க்குக் குறையாத 3,800-க்கும் மேற்பட்டவர்கள் அதில் இருந்தார்கள். 150/80-ஐ இலக்காக வைத்து மருந்து கொடுத்தார்கள். மருந்து எடுத்தவர்களிடம் இதயச் செயலிழப்பு பாதிக்கு மேல் குறைந்தது, இறப்பும் குறைந்தது. ஆய்வைக் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்தும் அளவுக்குப் பலன் தெளிவாக இருந்தது. ‘இந்த வயசில் இனிமே என்ன மாத்திரை’ என்ற பேச்சுக்கு இடமே இல்லை. எழுந்து நடமாட முடியாமல் தளர்ந்துபோனவர்களுக்கு மட்டும், 140-க்குக் கீழே என்ற வழக்கமான இலக்கைக் கொஞ்சம் தளர்த்தி, 140-க்கும் 150-க்கும் நடுவில் போதும் என்று டாக்டர் முடிவு செய்யலாம்.

உப்பும் சிறுநீரகமும்

சரி, குழாய் விறைத்ததுதான் காரணமென்றால் மாத்திரை என்ன செய்யும்? குழாய்க்குள் எவ்வளவு ரத்தம் ஓடுகிறது, குழாய் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதும் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. மாத்திரைகள் வேலை செய்வது அங்கேதான்.

உப்பில் இருக்கும் சோடியம் உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும். சிறுநீரகம் கூடுதல் சோடியத்தை வெளியேற்றிச் சரிக்கட்டும். வயதாக ஆக அந்தத் திறமை குறைகிறது. தனக்கு வரும் ரத்தம் போதவில்லை என்று தோன்றினால் சிறுநீரகம் ரெனின் என்ற பொருளைச் சுரக்கும். ரெனின் தொடங்கிவைக்கும் வேலையால் ஆஞ்சியோடென்சின் உருவாகி ரத்தக் குழாய்களை இறுக்கும். கூடவே, சிறுநீரகத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியைத் தூண்டி ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனையும் வரவழைக்கும். ஆல்டோஸ்டிரோன் சோடியத்தை வெளியே போகவிடாமல் தேக்கும்.

அம்லோடிபின் ரத்தக் குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்துகிறது. எனலாப்ரில் ஆஞ்சியோடென்சின் உருவாவதைத் தடுக்கிறது. டெல்மிசார்டான், லோசார்டான் இரண்டும் அது உருவான பிறகு வேலை செய்யவிடாமல் தடுக்கின்றன. குளோர்தாலிடோன், இண்டாபமைட் போன்றவை உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றுகின்றன. இவற்றைத்தான் நீர் மாத்திரை என்கிறோம். ஒரு வழியை அடைத்தால் உடம்பு இன்னொரு வழியில் அழுத்தத்தை ஏற்றப் பார்க்கும் என்பதால்தான் இரண்டு மூன்று வகைகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். மூன்று மாத்திரை எழுதினால் வியாதி மூன்று மடங்காகிவிட்டது என்று அர்த்தமில்லை.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: முதுமையில் தமனி விறைப்பதால் மேல் எண் ஏறுகிறது, உப்பைத் தேக்கும் சிறுநீரகம் அதை இன்னும் ஏற்றுகிறது, மாத்திரைகள் வெவ்வேறு இடத்தில் நின்று அதைத் தடுக்கின்றன.

எதை ‘அடங்காத’ பிரஷர் என்பது

மருத்துவத்தில் இதற்குத் திட்டமான வரையறை உண்டு. வெவ்வேறு வகையைச் சேர்ந்த மூன்று மருந்துகள், அதில் ஒன்று நீர் மாத்திரை, மூன்றும் அந்த உடம்பு தாங்கும் முழு அளவில். அதற்குப் பிறகும் அழுத்தம் இலக்குக்கு மேலே நின்றால்தான் அடங்காத ரத்த அழுத்தம். நான்கு மருந்து போட்ட பிறகே கட்டுக்குள் வருகிறவர்களும் இந்தக் கணக்கில் சேருவார்கள்.

அடங்கவில்லை என்று சொல்லப்படுகிறவர்களில் பலருக்கு உண்மையில் நடப்பது வேறு. அளந்தது தப்பாக இருக்கும். மாத்திரை சரியாக உள்ளே போயிருக்காது. அல்லது, சாப்பிடும் ஏதோ ஒன்று மாத்திரைக்கு எதிராக வேலை செய்துகொண்டிருக்கும். நான்காவது மாத்திரையைக் கேட்பதற்கு முன் இவற்றைத் துருவிப் பார்ப்பதுதான் பிள்ளைகளின் வேலை. அதை டாக்டரால் ஐந்து நிமிடத்தில் செய்ய முடியாது. வீட்டில் இருப்பவர்களால் முடியும்.

அளப்பதில் நடக்கும் தப்பு

கடலூரிலிருந்து கோரிமேட்டு ஜிப்மருக்குக் காட்டப் போகும் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். விடியற்காலையில் எழுந்து, வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கச் சொல்லியிருப்பதால் எதுவும் சாப்பிடாமல் புதுச்சேரி பஸ் ஏறி, பாண்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து, சீட்டுக்கு வரிசையில் நின்று, கழிப்பறைக்கு எழுந்தால் முறை போய்விடுமோ என்று அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாவின் கையில் பட்டையைச் சுற்றினால் எவ்வளவு காட்டும்? வெறும் வயிறு என்றதும் பிரஷர் மாத்திரையையும் போடாமல் வந்திருப்பார். அன்றைக்கு 190 காட்டுவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் சீட்டில் ஏறுவது அந்த 190தான், மாத்திரை கூடுவதும் அதை வைத்துத்தான். வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கும் நாளில்கூட பிரஷர் மாத்திரையை ஒரு வாய் தண்ணீரோடு போட்டுக்கொள்ளலாமா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பெரும்பாலும் போடச் சொல்வார்கள்.

மருத்துவமனையில் ஏறி, வீட்டில் இறங்கும் அழுத்தம் வயதானவர்களிடம் மிகச் சாதாரணம். அதனால் வீட்டில் அளப்பது அவசியம். மேல்கையில் பட்டை சுற்றும் தானியங்கிக் கருவி போதும். மணிக்கட்டில் கட்டுவதை நான் வாங்கச் சொல்ல மாட்டேன், கை கொஞ்சம் தாழ்ந்தாலும் எண் மாறும். பட்டை கையின் சுற்றளவுக்குச் சரியாக இருக்க வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டை சுற்றினால் இல்லாத பிரஷரை இருப்பதாகக் காட்டும்.

அளக்கும் முன் அரைமணி நேரம் காபி, வெற்றிலைப் புகையிலை, பீடி எதுவும் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாய்ந்த நாற்காலியில் கால் இரண்டும் தரையில் பதிய ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். கால்மேல் கால் கூடாது. கை மேசைமேல், நெஞ்சின் உயரத்தில் இருக்க வேண்டும். பேசக் கூடாது. இதுதான் நம் வீடுகளில் கஷ்டம், கருவி ஓடும்போதுதான் அம்மாவுக்கு மருமகளிடம் சொல்ல ஏதாவது ஞாபகம் வரும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து இரண்டையும் எழுதுங்கள். காலையில் மாத்திரைக்கு முன், ராத்திரி சாப்பாட்டுக்கு முன் என்று ஒரு வாரம் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பாருங்கள். வீட்டு அளவில் 135/85-க்கு மேல் போனால் அதிகம். முதல் முறை இரண்டு கைகளிலும் அளந்து, எதில் அதிகமோ அந்தக் கையிலேயே எப்போதும் அளக்க வேண்டும்.

ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்து மணிக்கொரு தரம் அளப்பதால் பயன் கிடையாது. பயம்தான் கூடும், பயத்தில் எண்ணும் கூடும்.

மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள்

வயதானவர்களின் மாத்திரை டப்பாவை ஒரு மதியம் தரையில் கொட்டிப் பாருங்கள். கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுத்த அட்டைத் துண்டுகள் கிடக்கும்; மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் வெட்டிய பக்கத்தோடு போயிருக்கும். காலாவதியானது இருக்கும். எதற்கென்றே தெரியாதது இருக்கும். கடலூர்ப் பக்கம் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன, நல்ல ஏற்பாடு. ஆனால் அதில் வந்த அம்லோடிபினும், தனியார் டாக்டர் வேறு கம்பெனிப் பெயரில் எழுதிய அம்லோடிபினும் ஒரே டப்பாவில் சேர்ந்து, அப்பா இரண்டையும் போட்டுக்கொண்டிருக்கலாம். நிறம் வேறு, அட்டை வேறு என்பதால் அவருக்குத் தெரியாது. கம்பெனிப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள்.

மாத்திரையை விட்டுவிடுவதற்கும் காரணம் இருக்கும். அம்லோடிபினால் கணுக்கால் வீங்கும். எனலாப்ரிலால் வறட்டு இருமல் வரும். நீர் மாத்திரை போட்டால் அடிக்கடி எழுந்து போக வேண்டும் என்று, கல்யாணத்துக்கோ கோயிலுக்கோ போகும் நாளில் நிறுத்திவிடுவார்கள். “ஒழுங்கா போடறீங்களா” என்று அதட்டினால் “போடறேன்” என்றுதான் பதில் வரும். “இதுல எது உங்களுக்கு ஒத்துக்கல?” என்று கேட்டால் உண்மை வெளியே வரும். டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார்.

‘பிரஷர் நார்மலாயிடுச்சு, நிறுத்திட்டேன்’ என்பது இன்னொன்று. நார்மலாக இருப்பதே மாத்திரையால்தான். அதேபோல், மாத்திரையை மாற்றிய மறுநாளே எண் இறங்கவில்லை என்று பதறவும் வேண்டாம். அம்லோடிபின் போன்றவை முழுப் பலனைக் காட்ட ஒரு வாரத்துக்கு மேல் ஆகும்.

தட்டில் இருக்கும் உப்பு

நாள் ஒன்றுக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். தோராயமாக ஒரு தேக்கரண்டி. “நாங்க கம்மியாத்தான் போடறோம்” என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. நான்கு பேர் இருக்கும் வீட்டில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் 50 நாள் வர வேண்டும். உங்கள் வீட்டில் எத்தனை நாளில் தீர்கிறது என்று பாக்கெட்மேல் தேதி எழுதிப் பாருங்கள்.

அந்தப் பாக்கெட்டில் அடங்காத உப்பும் உண்டு. கடலோரத்துக்காரர்களான நமக்குக் கருவாடு இல்லாமல் வாரம் போகாது. கருவாட்டுக் குழம்பு, ஓரத்தில் ஊறுகாய், தொட்டுக்கொள்ள அப்பளம் அல்லது மோர்மிளகாய், கடைசியில் உப்புப் போட்ட மோர் என்று ஒரு மதியச் சாப்பாட்டிலேயே நாள் முழுவதற்குமான உப்பு முடிந்துவிடும். கடலூர் முதுநகரிலோ தேவனாம்பட்டினத்திலோ கிடைக்கும் பச்சை மீனால் இந்தத் தொல்லை இல்லை. மத்தி, நெத்திலி தாராளமாகச் சாப்பிடலாம். வயதானவர்களுக்கு நாக்கில் சுவை மங்குவதால் உப்பு கூடுதலாகக் கேட்கும். புளி, எலுமிச்சை, மிளகு, கொத்தமல்லி அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டும். சில வாரத்தில் நாக்கு பழகிவிடும்.

இந்துப்பும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். ‘இந்துப்பு பிரஷரை ஏத்தாது’ என்பதில் உண்மை இல்லை. சோடியம் குறைந்தது என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும், டெல்மிசார்டான், எனலாப்ரில் போன்றவை எடுப்பவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும். டாக்டரைக் கேட்காமல் அதை வாங்க வேண்டாம். உப்பை அடியோடு நிறுத்துவதும் கூடாது. நீர் மாத்திரை எடுக்கும் வயதானவருக்கு ரத்தத்தில் சோடியம் இறங்கி, ஆள் அடையாளம் தெரியாமல் உளறும் நிலை வந்துவிடலாம்.

மாத்திரைக்கு எதிராக வேலை செய்பவை

முட்டிவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகள் உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும். பிரஷர் மாத்திரையின் வேகத்தையும் குறைக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். அடங்காத பிரஷருக்குப் பின்னால் தினம் ஒரு வலி மாத்திரை ஒளிந்திருப்பது சகஜம். அம்மா அதை ஒரு மருந்தாகவே கணக்கில் எடுக்க மாட்டார். “வேற என்ன மாத்திரை போடறீங்க?” என்றால் “ஒண்ணுமில்ல” என்பார், “கால் வலிக்கு என்ன போடுவீங்க?” என்று கேட்க வேண்டும். மூக்கடைப்புக்குத் தரும் சில சளி மாத்திரைகளும் பிரஷரை ஏற்றும்.

பலருக்குத் தெரியாத ஒன்று அதிமதுரம். இருமலுக்கு நாம் தயங்காமல் கொடுக்கும் பொருள்தான். ஆனால் அதில் உள்ள கிளைசிரைசின், உடம்பில் ஆல்டோஸ்டிரோன் கூடினால் என்ன நடக்குமோ அதையே நடத்தும்: சோடியம் தேங்கும், பொட்டாசியம் இறங்கும், பிரஷர் ஏறும். தினமும் கஷாயமாகவோ பொடியாகவோ எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். என்ன இருக்கிறதென்று எழுதாத பொட்டலப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும் என்பதால் அவற்றைத் தொடாமல் இருப்பதே நல்லது. சாராயமும் பிரஷரை ஏற்றும். ராத்திரி எடுக்கும் ‘கொஞ்சூண்டு’ எவ்வளவு என்பதை அப்பாவே டாக்டரிடம் சொல்லட்டும்.

ஆக, எண் உண்மையா, மாத்திரை உள்ளே போகிறதா, உப்போ வேறு மருந்தோ குறுக்கே நிற்கிறதா என்று பார்த்த பிறகும் இறங்காவிட்டால் அதுதான் நிஜமாகவே அடங்காத பிரஷர்.

அப்போது டாக்டர் எதைத் தேடுவார்

சிறுநீரகத்துக்குப் போகும் தமனி சுருங்கியிருக்கலாம். அட்ரீனல் சுரப்பி அளவுக்கு மீறி ஆல்டோஸ்டிரோனைச் சுரக்கலாம். தூக்கத்தில் மூச்சு விட்டு விட்டு நிற்கலாம். கடைசியாகச் சொன்னதை வீட்டில்தான் கண்டுபிடிக்க முடியும்: பலத்த குறட்டை நடுவில் சட்டென்று நின்று, திணறலோடு மறுபடி தொடங்குகிறதா, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிடுகிறாரா என்று கவனியுங்கள். நான்காவது மருந்தாகப் பெரும்பாலும் ஸ்பைரோனோலாக்டோன் வரும். அது ஆல்டோஸ்டிரோனைத் தடுப்பது. அடங்காத பிரஷரில் அது நன்றாக வேலை செய்வதை 2015-இல் வந்த பாத்வே-2 ஆய்வு காட்டியது. அதைத் தொடங்கினால் பொட்டாசியத்துக்கான ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. இளநீரில் பொட்டாசியம் அதிகம் என்பதால் எவ்வளவு குடிக்கலாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எழுந்து நிற்கும்போது

விறைத்த தமனி அழுத்தத்தைச் சட்டென்று சரிசெய்யாது. அதனால் உட்காரும்போது 160 இருப்பவருக்கு எழுந்ததும் 130 ஆகலாம். எழுந்த மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20-ஓ கீழ் எண் 10-ஓ இறங்கினால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். வாரம் ஒருமுறையாவது நின்ற நிலையிலும் அளந்து எழுதுங்கள், பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். இந்த எண்ணைக் காட்டாமல் மாத்திரையைக் கூட்டச் சொல்வது ஆபத்து.

கத்திரி வெயிலில் வியர்வையோடு அழுத்தமும் இறங்கும், மார்கழிக் குளிரில் ஏறும். சித்திரை வைகாசியில் கிறுகிறுப்பு அதிகமானால் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். அதை டாக்டர்தான் செய்ய வேண்டும்.

எப்போது ஓட வேண்டும்

கருவியில் 180 வந்தது, ஆனால் அம்மா எப்போதும்போல் பேசிக்கொண்டு இருக்கிறார் என்றால், உட்கார வைத்து அரைமணி கழித்து மறுபடி அளங்கள். கூடுதலாக ஒரு மாத்திரை கொடுக்காதீர்கள், நாக்குக்கு அடியில் எதையும் வைக்காதீர்கள். வேகமாக இறக்கினால் மூளைக்குப் போகும் ரத்தம் குறையும். மறுபடியும் அவ்வளவே காட்டினால் அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள்.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் தளர்வது, வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, திடீரெனப் பார்வை மங்குவது, இதில் எது இருந்தாலும் எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். பக்கவாதம் ரத்தக் கட்டியால் வந்திருந்தால் அதைக் கரைக்கும் ஊசியை, ஆரம்பித்த 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதுவும் மூளையை ஸ்கேன் எடுத்த பிறகுதான். ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கே நேராகக் கொண்டுபோகச் சொல்லுங்கள். கடைசியாக அவர் நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்பதைக் குறித்துக்கொண்டு, மாத்திரை டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். அங்கே முதலில் கேட்கப்போவது அந்த இரண்டையும்தான்.